பால்குடிக் காலத்தில் தந்தையர் கடமை

(நெய்வேலியில் நடைபெற்ற நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இவ்வவையில் பேசுவதற்கு எமக்குக் குறிக்கப்பெற்ற பொருள் தாய்ப்பாலைப் பற்றியது. "இதனைப் பெண்மக்கள் கூட்டத்தில் ஒரு மருத்துவ அம்மையார் பேசுவதன்றோ முறை? சுரங்கத்தில் முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவருக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பின்வரிசையில் அமர்ந்துள்ள இளைஞர் சிலர் தலைகவிழ்ந்திருப்பதையும் காண்கின்றோம். அவ்விளைஞர்களை நோக்கிப் பேசவே யாம் வந்தோம். பால் கொடுப்பவள் தாய், பருகுவது குழவி, இவ்விருவர்க்கும் இடையே தந்தைக்கு இடமில்லை என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். அவ்வெண்ணம் பிழையென்பதையும், அப்பிழையால் விளையும் கேடு பெரிதென்பதையும் யாம் எம் வீட்டிலேயே பட்டறிந்தோம். ஆதலின் கற்றவர் கூறுவதோடு எம் குறையையும் சேர்த்துச் சொல்ல இசைந்தோம்.

புறநானூற்றில் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர் பாடிய பாட்டொன்று உங்களிற் பலர்க்குத் தெரியும். மகனொருவன் உருவாவதற்குத் தாயும் தந்தையும் கொல்லனும் வேந்தனும் ஆளுக்கொரு பொறுப்பு ஏற்பதை அது சொல்லும். பிள்ளையை நற்பண்புடையவனாகச் செய்வது தந்தையின் பங்கு என்பது அப்புலவர் கருத்து. இதற்கு நம்மவர் கொண்ட பொருள் யாது? பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் நாளில் தந்தையின் கடமை தொடங்குகின்றது என்று கொண்டுவிட்டனர். பள்ளியில் ஓரிடம் பெறுவதற்காக விடியுமுன் வரிசையில் நிற்கும் தந்தையை நோக்கி, "இக்குழந்தை பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீர் எங்கே நின்றீர்? பிறந்த பத்தாம் நாள் இரவு அது அழுதபோது நீர் என்ன செய்தீர்?" என்று கேட்டால், அவருக்கு விடை தெரியாது. யாமும் ஒரு காலத்தில் அவ்வாறே விடை தெரியாது நின்றவர்தாம்.

நம் நெய்வேலியின் நிலைமையை முதலில் நோக்குவோம். 1957-ம் ஆண்டில் இங்கே மண்ணகழும் வேலை தொடங்கியது. 1961-ம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ம் ஆண்டில் மின்சாரம் பிறந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் அயல் மாநிலங்களிலிருந்தும் மக்கள் இங்கு வந்து குடியேறினர். வட்டம் வட்டமாக வகுத்த வீதிகளில் ஒரே அளவான வீடுகளில் வாழ்கின்றோம். கணவன், மனைவி, பிள்ளை என்று மூவர் நால்வர்க்கு மேல் வீட்டிலில்லை. பாட்டியும் அத்தையும் ஊரிலிருக்கின்றனர். சுரங்கமும் அனல்மின் நிலையமும் ஒருநாளும் உறங்குவதில்லையாதலின் வீட்டுத் தலைவன் பகலில் ஒருவாரம், மாலையில் ஒருவாரம், இரவில் ஒருவாரம் என்று ஷிப்டு மாறி மாறி உழைக்கின்றான். இரவு ஷிப்டு முடித்து வந்தவன் பகலில் உறங்கவேண்டும். "அப்பா நைட் ஷிப்டு, சத்தம் போடாதே" என்பது நம் வீடுகளில் குழந்தைகள் முதன்முதல் கேட்கும் கட்டளைகளுள் ஒன்று. கைக்குழந்தை அழுதால் தாய் அதனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். தந்தையின் உறக்கத்தைக் காப்பது அவள் கடமையாயிற்று. அவளுறக்கத்தைக் காப்பார் யாருமில்லை.

இஃதொருபுறம் நிற்க. தலைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வது நம் வழக்கம். வளைகாப்பிட்டு அழைத்துச் சென்றவளை மூன்றாம் திங்களிலோ ஐந்தாம் திங்களிலோ மீட்டழைத்து வருகின்றோம். தாய்வீட்டு அன்பும் ஓய்வும் அவளுக்கு நன்மையே, அதனைக் குறைகூறோம். ஆயினும், பால் நிலைபெறுவதும் நிலைகுலைவதும் அந்த முதற் சில வாரங்களிலேதான். அவ்வாரங்களில் தந்தையானவன் வாரவிடுமுறை நாளில் வந்துபோகும் விருந்தாளி. மாப்பிள்ளைக்குத் திண்ணையில் பாய் விரித்துக் காப்பி கொடுத்துக் குழந்தையைச் சற்றே காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோய்விடுவர். உள்ளே என்ன நடக்கின்றது என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றும் அவனுக்குத் தோன்றாது.

எம் கதை இதுவே. எம் மூத்த மகன் பிறந்தது 1990-ம் ஆண்டு ஆவணித் திங்களில். விருத்தாசலத்திற்கு அப்பால் ஒரு சிற்றூரில் எம் மாமனார் இல்லம். மருத்துவமனையிலிருந்து குழந்தை வீட்டிற்கு வருமுன்னரே அதன் நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்துச் சேனை கொடுத்தாயிற்று. சீம்பால் மஞ்சளாயிருக்கின்றதென்று இரண்டுநாள் பீய்ச்சிக் கொட்டியும் ஆயிற்று. பத்தாம் நாள் மாலை யாம் அங்கிருந்தபோது குழந்தை விடாது அழுதது. "பால் பற்றவில்லை" என்றார் ஒருவர். "தாய் உடம்பு மெலிந்த உடம்பு" என்றார் இன்னொருவர். எம் மனைவி யாதொன்றும் சொல்லாது எம் முகத்தை நோக்கினாள். யாம் சம்பளக்காரர் என்னும் செருக்கோடு எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு விருத்தாசலம் கடைத்தெருவுக்குப் போய்ப் பால்மாவு டப்பா ஒன்றும் ரப்பர் காம்பிட்ட புட்டி ஒன்றும் வாங்கிவந்தோம். டப்பாவின்மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளை நொடியில் வாங்கி வந்துவிட்டார்" என்று எல்லோரும் புகழ்ந்தனர்.

விளைந்தது யாது? புட்டிப்பால் குடித்த குழந்தை தாயிடம் குறைவாகக் குடித்தது. தாய்ப்பால் குறைந்தது. குறையக் குறையப் புட்டி மிகுந்தது. ஒரு திங்களுக்குள் பால் வற்றிப்போயிற்று. டப்பாவின் விலை மிகுதியாதலால் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினர். மூன்றாம் திங்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டு, ஆஸ்பத்திரியில் நான்குநாள் குளுகோஸ் ஏறிற்று. இறைவன் அருளால் பிழைத்தான். அந்நான்கு நாளும் கட்டிலருகில் நின்ற எமக்கு, இக்கேட்டைத் தொடங்கிவைத்தவர் யாமே என்பது தெரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

அன்று நாங்கள் எல்லோரும் அறியாதிருந்த செய்தியை இப்போது சொல்வோம். இறைத்த கிணறு ஊறும் என்பது பழமொழி. தாய்ப்பாலுக்கும் அதுவே விதி. குழந்தை உறிஞ்சுந்தோறும் தாயின் மூளையினடியிலுள்ள ஒரு சிறு சுரப்பியிலிருந்து இருவகை நீர்கள் இரத்தத்தில் இறங்குகின்றன. புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குவது. ஆக்சிடோசின் என்பது உண்டான பாலைக் காம்பை நோக்கிச் செலுத்துவது. இவற்றுள் பின்னது மனநிலையோடு நெருங்கிய தொடர்புடையது. அச்சமும் கவலையும் வலியும் அவமானமும் அதனைத் தடைப்படுத்தும். அமைதியும் நம்பிக்கையும் அதனைப் பெருக்கும். ஆகவே, பெற்றவளைச் சூழ நின்று "பால் பற்றவில்லை" என்று பலரும் சொல்லுவார்களாயின், அச்சொல்லே பாலை அடக்கும். அதன்பின் புட்டி நுழையுமாயின், சொன்ன சொல் மெய்யாகிவிடும். மாலை வேளையிற் பச்சைக்குழந்தைகள் காரணமின்றி அழுவதும், அடிக்கடி மார்பை நாடுவதும் இயல்பு. அவ்வழுகை ஒன்றைக் கொண்டே பசியென்று தீர்ப்புச் சொல்லலாகாது.

பால் போதுமா என்பதை அறிய வேறு அளவுண்டு. முதல் வாரம் கழிந்தபின் குழந்தை ஒருநாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்குமாயின், பிறந்தபோதிருந்த எடையை ஏறத்தாழ இரண்டு வாரத்திற்குள் மீட்டுக்கொண்டு மேலும் ஏறுமாயின், பால் போதுமானது. அழுகைக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் சொல்லலாம். எண்ணிக்கைக்கு ஒரே பொருள்தான். ஷிப்டு தோறும் பதிவேட்டில் எண்கள் எழுதிப் பழகிய நம்மவர்க்கு இதனைக் குறித்துவைப்பது அரிய செயலா?

இவ்வூரில் யாவரும் அறிந்த ஒன்றைக் கொண்டு தந்தையின் இடத்தை விளக்க விரும்புகின்றோம். நம் சுரங்கத்தைப் பார்க்க வருவோர், சக்கரத்திற் கொப்பரைகள் பூட்டிய அப்பெரிய இயந்திரத்தைக் கண்டு வியந்து செல்வர். 150 அடிக்கு மேற்பட்ட மண்ணை நீக்கி நிலக்கரியை எடுப்பது அதுவென்பர். ஆனால் நிலக்கரிப் படுகையின் கீழே பெருநீர் அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றது என்பதும், இரவும் பகலும் அந்நீரைக் குழாய்க் கிணறுகளால் இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருந்தாலன்றிச் சுரங்கத்தின் தரை நிலைக்காது என்பதும் வந்து பார்ப்பவர்க்குத் தெரியா. உள்ளே உழைத்தவர்க்குத் தெரியும். பம்புகள் ஒரு பிடி நிலக்கரியும் எடுப்பதில்லை. அவை நின்றால் எடுக்கவும் இயலாது. தாயின்மேல் வந்து தாக்கும் அழுத்தங்கள் பல: உறக்கமின்மை, வீட்டுவேலை, பலர் வாய்ச்சொல், உடல்வலி, தன்மேலேயே எழும் ஐயம். அவ்வழுத்தத்தை நாள்தோறும் இறைத்துத் தணிப்பவனே தந்தை.

இஃது எம் கற்பனையன்று. இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர்கள் இதனைச் சோதித்தறிந்து 2005-ம் ஆண்டில் வெளியிட்டனர். 280 தாய்மாரை 140, 140 ஆக இருகூறாக்கினர். தாய்மார் எல்லோர்க்கும் பாலூட்டுவதைப் பற்றிய அறிவுரை கிடைத்தது. ஒரு கூறிலுள்ள தந்தையர்க்குமட்டும், பாலூட்டுங்கால் நேரும் இடர்கள் எவை, அவற்றைத் தீர்க்குமாறு எங்ஙனம் என்பவற்றைக் கூடுதலாகக் கற்பித்தனர். ஆறாம் திங்களில் முழுமையாகத் தாய்ப்பால் கொடுத்தவர், தந்தையர் கற்ற கூறில் 35 பேர். மற்றதில் 21 பேர். "பால் பற்றவில்லை" என்று கருதிய தாய்மார் கற்ற கூறில் 12 பேர்; மற்றதில் 38 பேர். கற்றவர் தந்தையர், ஐயம் நீங்கியவர் தாய்மார். இதனை உய்த்துணர வேண்டுகின்றோம்.

இதனால் காக்கப்படுவது சிறு நன்மையன்று. முதல் ஒரு மணிக்குள் தாய்ப்பால் தொடங்குதல், முதல் ஆறு திங்கள் தாய்ப்பாலன்றி வேறொன்றும் கொடாமை, பின்னர் ஏனைய உணவோடு இரண்டாண்டும் அதற்கு மேலும் தொடர்தல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உலகத் தாய்மார் ஏறத்தாழ எல்லோரும் இதனைப் பின்பற்றுவாராயின், ஆண்டுதோறும் 8,23,000 குழந்தைகளின் சாவைத் தடுக்கலாமென 2016-ம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ் கணக்கிட்டது. மார்பகப் புற்றுநோயால் இறக்கும் தாய்மாரில் 20,000 பேரும் உய்வர். 2019-21-ம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, நம் நாட்டில் பிறந்த ஒரு மணிக்குள் பால்பெற்ற குழந்தைகள் 100-க்கு 42 பேரே. ஆறு திங்களுக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர் 100-க்கு 64 பேர்.

இனி, தந்தையானவன் செய்யத்தக்கவை இவையென ஒவ்வொன்றாகச் சொல்வோம்.

முதலாவது, முதல் ஒரு மணி. நம் மாநிலத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேதான். அவற்றுள் 100-க்கு 45 அறுவையினால் என்று மேற்கூறிய கணக்கே கூறுகின்றது. அறுவைக்குப்பின்னும், தாய் உணர்வோடிருந்தால், ஒரு மணிக்குள் பாலூட்டலாம். "குழந்தையை உடனே தாயிடம் சேர்க்கவேண்டும்" என்று மருத்துவரிடம் முன்கூட்டியே வேண்டிக்கொள்ளும் வாய் தந்தையின் வாயாதல் வேண்டும். தாய் அறுவை அறையிலிருக்கும் நேரத்தில், மருத்துவர் இசைந்தால், தந்தை தன் வெற்று மார்பிலே குழந்தையை அணைத்து அதன் உடற்சூட்டைக் காக்கலாம். தென்னமெரிக்காவில் பொகோட்டா நகரத்தில் 1978-ம் ஆண்டில் குறைமாதக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய முறை இது. கங்காருவைப்போல் அணைப்பதால் கங்காரு முறை என்பர். மார்புச் சூடு கொடுக்கப் பெண்ணாயிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வாயிற்காவல். சேனையும் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் கைக்குழந்தையின் வாயில் புகாமல் காக்கவேண்டும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் நஞ்சாதலும் உண்டு. சீம்பால் சிறிதளவே சுரப்பினும் நோயைத் தடுக்கும் ஆற்றல் மிகுதியும் உடையது. அதனைக் கொட்டுவது முதல் தடுப்பு மருந்தைக் கொட்டுவதேயாகும். சித்திரை வெயிலில் நம் ஊர் கொதிக்கும்போதும் ஆறு திங்களுக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுவதில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீரே. பெரியோர் அன்பினால் செய்யும் இவற்றை மருமகள் தடுத்தால் வாயாடி என்பர். மகன் பணிவோடு தடுத்தால் கேட்பர். ஆகையால் அது மகன் வேலை.

மூன்றாவது, தாயின் உணவு. முதல் ஆறு திங்கள் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி மிகுதியாக வேண்டும். பூண்டும் பால்சுறாவும் கொடுப்பது நன்றே. ஆனால் பத்தியமென்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதும் காய்கனிகளை விலக்குவதும் தீது. கணவன் உண்டபின் உண்பது அவள் வழக்கமாயின், அவ்வழக்கத்தை இக்காலத்திலேனும் மாற்றி, அவள் உண்டபின் அவன் உண்க. அவள் பாலூட்ட உட்காரும்போது அருகில் ஒரு செம்பு தண்ணீர் வைப்பதற்கு எப்படிப்பும் வேண்டா.

நான்காவது, இரவு. பால் கொடுப்பது ஒன்றுதான் தந்தையால் இயலாதது. குழந்தையை எடுத்துக் கொடுத்தல், பால்குடித்தபின் தோளிற் சாய்த்து ஏப்பம் விடச்செய்தல், ஈரத்துணி மாற்றுதல், தூளியாட்டல், துணி அலசுதல் ஆகிய யாவும் அவனால் இயலும். இரவு ஷிப்டு வாரத்தில் வீடு திரும்பியவுடன் ஒருமணி நேரம் குழந்தையை ஏற்றுக்கொண்டு, அவளை உறங்கவிட்டு, அதன்பின் தான் உறங்கலாம். புகைப்பழக்கமுள்ளவன் அதனை விடுவானாயின், அதுவும் குழந்தைக்குச் செய்யும் சீரே.

ஐந்தாவது, சொல். "பால் ஊறும், கவலைப்படாதே" என்னும் சொல்லுக்கு எம்மருந்தும் நிகராகாது. ஆயினும் சொல்லோடு நிற்றலும் போதாது. காம்பு புண்ணாயினும், மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரினும், குழந்தை எடை ஏறாதிருப்பினும் தாமதியாமல் மருத்துவரிடமோ தாதியிடமோ அழைத்துச் செல்க. குழந்தையைப் பிடிக்கும் முறையைச் சற்றே திருத்துவதால் தீரும் துன்பங்கள் பல. பெற்றவள் பல நாளாக அழுதுகொண்டும் எதிலும் பற்றின்றியும் இருப்பாளாயின், அதனைப் பிடிவாதமென்று தள்ளாமல் நோயெனக் கருதி மருத்துவம் செய்க.

ஆறாவது, அவள் வேலைக்குத் திரும்பும் நாள். 2017-ம் ஆண்டுத் திருத்தத்தால், முதலிரண்டு பேறுகளுக்கு மகப்பேற்று விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. விடுப்பு முடிந்தபின்னும் பாலை நிறுத்தவேண்டுவதில்லை. அவள் பீய்ச்சி வைத்துச் சென்ற பாலைத் தூய பாலாடையில் ஊட்டுவது தந்தை எளிதிற் கற்கத்தக்க வித்தை. பாலாடை நம் பாட்டிமார் கண்ட கருவி. புட்டியைப்போலச் சந்துபொந்தில்லாமையால் கழுவுதற்கு எளிது. பீய்ச்சிய பாலை வெளியில் 4 மணி நேரத்திற்கு மேல் வையாமல் குளிர்பெட்டியில் வைத்தல் நலம்.

"இவையெல்லாம் ஆணுக்கு இழுக்கு" என்பார்க்கு ஒரு சொல். திருச்சிராப்பள்ளி மலையில் எழுந்தருளியுள்ள பெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பேறுகாலத்து இரத்தினாவதியிடம் வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, இறைவனே அத்தாயின் வடிவில் வந்து மருத்துவம் பார்த்தான் என்பது அது. இறைவனுக்கு இழுக்காகாத பணி, ஷிப்டு முடித்து வரும் நமக்கு இழுக்காகுமோ?

மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நோயினாலோ, உட்கொள்ளும் மருந்தினாலோ, வேறு காரணத்தினாலோ பாலூட்ட இயலாத தாய்மாரும் உளர். அவர்களை ஒருவரும் பழித்தலாகாது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிற தாய்மார் ஈந்த பாலைக் காத்து வழங்கும் பால் வங்கிகள் இன்று பல நகரங்களில் உள்ளன. 1989-ம் ஆண்டில் பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் என்னும் அம்மையார் இதனைத் தொடங்கினார். மருத்துவர் ஆராய்ந்து மாவுப்பால் கொடுக்கச் சொல்வாராயின், அளவு தவறாமல், கொதித்த நீரில், தூய்மையோடு கொடுக்கவேண்டும். எம் வீட்டில் எந்த மருத்துவரும் அவ்வாறு சொல்லவில்லை, யாமே சொல்லிக்கொண்டோம்.

அரசாங்கம் தன் பங்கைச் சிறிது செய்துள்ளது. 1992-ம் ஆண்டில் இயற்றி 2003-ம் ஆண்டில் இறுக்கிய சட்டத்தால், குழந்தைகளுக்கான மாவுப்பாலுக்கு விளம்பரம் செய்தலும், டப்பாவின்மேல் குழந்தைப் படம் பொறித்தலும் தடுக்கப்பட்டன. என்னை மயக்கிய அச்சிரிக்கும் குழந்தை இன்று டப்பாவின்மேல் இல்லை. மத்திய அரசு ஊழியரான தந்தையர்க்கு 15 நாள் விடுப்பு 1997-ம் ஆண்டு முதல் உண்டு. ஆயின், ஒப்பந்தத் தொழிலாளியாய் நாட்கூலிக்கு உழைக்கும் தந்தைக்கு ஒருநாள் நின்றால் ஒருநாட் கூலி போயிற்று. இவ்வவையில் ஒப்பந்தக்காரர்களாகவும் மேற்பார்வையாளராகவும் பலர் இருக்கின்றீர்கள். உங்கள்கீழ் உழைப்பவன் தந்தையானான் என்று கேட்டால், அவன் எக்குலத்தவனாயினும், பத்துநாட் கூலியோடு அவனை வீட்டிற்கனுப்புங்கள். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு வேண்டுவதை அவன் குழந்தைக்கு மறுப்பது அறமாகாது.

நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். ஒன்று: ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் ஏழு நாள், 1992-ம் ஆண்டு தொட்டு, உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்பெறுகின்றது. அவ்வாரத்தில், தந்தையாகப் போகும் நம் இளைஞர்களை மட்டும் அழைத்து, தாதியொருவரைக் கொண்டு அரைநாள் பாடம் நடத்துக. இரண்டு: வளைகாப்பிலும் பெயர்சூட்டு விழாவிலும் புட்டியும் டப்பாவும் சீர்வரிசையில் வைப்பதை நம்மவர் கைவிடுக, விளம்பரத்தைச் சட்டம் தடுத்தபின், நாமே தட்டில் வைத்து விளம்பரம் செய்யலாமோ? அதற்குப் பதிலாகப் பாலாடையும், தாய்க்கு ஒரு வெந்நீர்க் குடுவையும் வைப்போமாக. மூன்று: நம் கலியாண மண்டபத்தில் கைக்குழந்தையோடு வந்த பெண், அரிசி மூட்டைகளுக்குப் பின்னே மறைந்திருந்து பாலூட்டியதை யாம் கண்டதுண்டு. 2015-ம் ஆண்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களிலும் பாலூட்டும் தாய்மார்க்குத் தனியறை அமைத்தது. பேருந்து நிலையத்திற் கிடைத்த மதிப்பு நம் சொந்த மண்டபத்திற் கிடையாதா? ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி, உள்தாழ்ப்பாள், இவ்வளவே வேண்டுவது. அதற்குரிய செலவில் முதற் பங்கை யாம் தருகின்றோம்.

முடிக்குமுன் எம் வீட்டுச் செய்தி இன்னும் ஒன்று. அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடந்த அம்மகன் இன்று இவ்வூரிலேயே ஷிப்டு வேலை பார்க்கின்றான். 2023-ம் ஆண்டில் அவனுக்குப் பெண்குழந்தை பிறந்தது. மருமகளைத் தாய்வீடு அனுப்புவதற்குப் பதிலாகச் சம்பந்தியம்மாளை இங்கே வருவித்துக்கொண்டோம். அஃது அவன் கேட்டுக்கொண்டபடியே. பிறந்து இரண்டு வாரமான ஒருநாள் மாலை குழந்தை விடாது அழுதது. இவ்வளவும் கற்ற எம் வாயிலிருந்தே, "பால் பற்றவில்லையோ?" என்னும் அப்பழைய சொல் வந்துவிட்டது. மகன் கோபிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து எம்மிடம் நீட்டினான். அன்று காலைமுதல் நனைந்த துணி ஏழு. பிறந்த எடைக்குமேல் நூறு கிராம் கூடியிருக்கின்றது என்று எழுதியிருந்தது. பின்னர்க் குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு முற்றத்தில் உலாவினான். சற்றுநேரத்தில் அழுகை அடங்கியது.

எம் மனைவி அதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு எம்மிடம், "அன்றைக்கு நீங்கள் சைக்கிளை எடுக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்" என்றாள். முப்பத்துமூன்று ஆண்டு அவள் மனத்தில் வைத்திருந்த சொல் அது. எமக்கு மறுமொழி வரவில்லை.

இளைஞர்களே! உங்கள் மனைவியர் அச்சொல்லைச் சொல்லும் நிலை வாராதிருப்பதாக. குழந்தை அழும், பலரும் பலவும் சொல்லுவர், அவள் உங்கள் முகத்தை நோக்குவாள். அப்போது கடைத்தெருவுக்கு எழாதீர்கள்; அருகில் உட்காருங்கள்.  தாயும் சேயும் நீடு வாழ்க!